அஸர் நேரம் இரண்டு, கடமை ஒன்று

தொழுகைச் சட்டங்கள் குறித்து நம்மிடம் கேட்கப்படும் ஐயங்களுள் பெரும்பாலானவை ஒளுவைப் பற்றியனவும் மறதிக்கான ஸஜ்தாவைப் பற்றியனவுமே. அவற்றுக்கு ஓரிரு வரிகளில் விடை கூறிவிடலாம். இவ்வாரம் எடுத்துக்கொண்ட வினா அத்தகையதன்று.

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையோர அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் ஹனஃபி மத்ஹபு அன்பர் ஒருவர் வினவுகிறார். பிற்பகல் 3.50 மணிக்கு அவருக்குப் பத்து நிமிடம் தேநீர் இடைவேளை. அப்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் நேரம் வந்திருக்கும். ஹனஃபி நேரம் வந்திராது. அதன்பின் ஆறு மணி வரை இருக்கையை விட்டு எழ இயலாது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் அவர் வெளியே வருமுன்பே மஃரிப் பாங்கு சொல்லப்பட்டுவிடுகிறது. ஆகவே மத்ஹபைப் பேணும் எண்ணத்தில், அஸரை வீட்டில் களாவாகத் தொழுது வருகிறாராம். இது சரிதானா என்பது கேள்வி.

சரியன்று. மத்ஹபைப் பேணுவதாக எண்ணிக் கடமையின் நேரத்தையே அவர் இழந்து வருகிறார். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதைத் திருமறையின் 4ஆம் அத்தியாயம், 103ஆம் வசனம் தெளிவாக்குகிறது.

நாட்காட்டிகளில் அஸருக்கு இரு நேரங்கள் அச்சிடப்படுவதன் காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். வெயிலில் ஒரு கோலை நட்டுவையுங்கள். நண்பகலில் அதற்குள்ள நிழலைக் கழித்துவிட்டு, எஞ்சிய நிழல் கோலின் அளவை எட்டினால் அஸர் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முடிவு. இரு மடங்காக வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கூற்று. நம் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவதால் கழிப்பதற்கு நிழலே இராது. டிசம்பரிலோ நண்பகல் நிழலே கோலில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீளும். இரு நேரங்களுக்கும் இடையே டிசம்பரில் சுமார் 50 நிமிடமும், ஏப்ரல் இறுதியில் ஒன்றேகால் மணி நேரமும் வேறுபாடு வரும்.

இனி, ஹனஃபி அன்பர்கள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இமாம் அபூஹனீஃபா அவர்களின் தலைமாணாக்கர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் நிழல் ஒரு மடங்கானதும் அஸர் நேரம் வந்துவிடுவதாகவே கூறுகின்றனர். ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் தஹாவீ (ரஹ்) அவர்கள் தேர்ந்துகொண்டதும் அதுவே. இமாம் ஷாஃபிஈ அவர்களோ அந்த முஹம்மத் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டவர்கள்! ஓர் ஆசிரியர் வழியினருள் நிகழ்ந்த ஆய்வு வேறுபாட்டை நாம் இரு கட்சிகளாக்கி நிற்கிறோம். மக்காவிலும் மதீனாவிலும் ஹரம் ஷரீஃபுகளில் முதல் நேரத்திலேயே அஸர் ஜமாஅத் நடக்கிறது. ஹஜ்ஜுக்குச் செல்லும் ஹனஃபிகளும் அதில் கலந்தே தொழுகின்றனர்.

ஆகவே அந்த அன்பர் முதலில் மேலதிகாரியை அணுகி, இடைவேளையை ஐந்து மணியளவிற்கு மாற்றித் தரக் கேட்கட்டும். ஆண்டு முழுவதும் அவ்வேளையில் இரு மத்ஹபுகளின்படியும் அஸர் நேரம் இருக்கும். கேட்காமலேயே, கிடைக்காது என முடிவு கட்டுவோரே நம்மில் அதிகம். மறுக்கப்பட்டால் 3.50க்கே தொழுதுகொள்ளட்டும். தயங்க வேண்டியதில்லை. வசதியிருப்போர் மட்டும், பேணுதலுக்காக இரண்டாம் நேரம் வரை காத்திருப்பது நன்று.

ஷாஃபிஈ அன்பர்களின் வினா இதன் மறுபக்கம். அருகிலுள்ள பள்ளிவாசலில் ஹனஃபி நேரப்படிதான் ஜமாஅத் நடக்கிறது, அதற்காகக் காத்திருக்கலாமா? தாராளமாகக் காத்திருக்கலாம். முதல் நேரத்தின் சிறப்பையும் விட மனமில்லையெனில், அப்போது தனித்துத் தொழுதுவிட்டு, ஜமாஅத்துடன் மீண்டும் தொழுங்கள். ஷாஃபிஈ சட்டத்தில் அது சுன்னத்தே.

அலுவலகத்தில் தொழுவோர் கிப்லாவில் கவனம் கொள்க. அண்ணா சாலை தேனாம்பேட்டையில் தென்மேற்காகச் செல்கிறது. சாலையை வைத்து மேற்கைக் கணித்தால் பிழை நேரும். சென்னையில் கிப்லா, நேர் மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்தது.

இதுவரை களாவாகத் தொழுதவற்றைத் திரும்பத் தொழ வேண்டுமா என்றும் அந்த அன்பர் கேட்டிருக்கிறார். வேண்டியதில்லை, அவை நிறைவேறிவிட்டன. நேரம் தவறியதற்காகத் தவ்பாச் செய்துகொண்டு, நாளைய அஸரை அதன் நேரத்தில் தொழட்டும்.