மணற்காட்டுக்கு ஒரு பற்சில்லு

வடமராட்சிக் கிழக்கில் மணற்காட்டுச் சவுக்கந்தோப்பை நெருங்கும்போது தார் றோட்டு முடிந்து மணல் தொடங்கும். பழைய அந்தோனியார் கோயிலையே மூடிய மணல். சாதாரணக் கார் அதில் இறங்கினால், எஞ்சின் ஓட்டும் சில்லு இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்று தங்களுக்குக் குழி தோண்டிக்கொள்ளும். சுசுக்கி எஸ்ஜே ஜீப்காரர் கியர்த் தடிக்குப் பக்கத்திலுள்ள இன்னொரு சின்னத் தடியை மாற்றுவார். நாலு சில்லும் மணலைப் பிடிக்கும், வண்டி மெல்ல ஊர்ந்து போகும்.

அந்தச் சின்னத் தடிக்குக் கீழே இருப்பதுதான் ட்ரான்ஸ்பர் கேஸ். கியர் பொக்ஸிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. பங்கிடுவதோடு அதன் வேலை முடிவதில்லை. உள்ளே ஹை, லோ என்று இரண்டு சோடிப் பற்சில்லுகள் உண்டு. லோவுக்கு மாற்றினால் வேகம் குறைந்து இழுவை கூடும். சுசுக்கி எஸ்ஜே413 ஜீப்பின் கணக்கைப் பாருங்கள்: முதல் கியர் 3.652, ட்ரான்ஸ்பர் லோ 2.268, டிஃபரன்ஷியல் 3.727. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 31. எஞ்சின் 31 முறை சுற்றினால்தான் சில்லு ஒருமுறை சுற்றும்.

இந்த 31 போதாது என்று நினைப்பவர்களுக்கு வெளிநாட்டுக் கம்பனிகள் 4.16 என்ற லோ விகிதத்தில் பற்சில்லுத் தொகுதி செய்து விற்கின்றன. அதைப் போட்டால் 31 ஏறக்குறைய 57 ஆகும். விலை டொலரில், கப்பற்கூலியும் சுங்கமும் தனி. என்னைக் கேட்டால் யாழ் குடாநாட்டுக்கு அது தேவையில்லை. பாறை மலையில் அங்குலம் அங்குலமாக ஏறுபவர்களுக்கான பற்கள் அவை. எங்களிடம் இருப்பது மணலும் களப்புச் சேறும்.

மலிவான வழி அதே குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. எஸ்ஜே413-க்கு மூத்தது எஸ்ஜே410. அதன் எஞ்சின் ஒரு லீற்றர்தான். எஞ்சினின் பலக்குறைவை ஈடுகட்ட, சுசுக்கி அதன் ட்ரான்ஸ்பர் கேஸில் ஹை 1.580, லோ 2.511 என்று கனத்த விகிதம் வைத்தது. 413-இன் ஹை 1.409 மட்டுமே. இந்த ஜீப்பில் ட்ரான்ஸ்பர் கேஸ் கியர் பொக்ஸோடு ஒட்டியிராமல், தனியாக றப்பர் தாங்கிகளில் தொங்குவதால், அதை மட்டும் கழற்றி மாற்றுவது சுலபம். 410-இன் பெட்டி வந்தால் 31 என்பது 34 ஆகும். ஹையும் சேர்ந்து கனப்பதால் ஏ9 வீதியில் அதே வேகத்துக்கு எஞ்சின் 12 சதவீதம் கூடுதலாகச் சுற்றவேண்டி வரும். பெரிய ரயர் போட்ட வண்டிக்கு அதுவே நல்லது, ரயர் பறித்த இழுவை திரும்பக் கிடைக்கும். சிறிய ரயரோடு அடிக்கடி கொழும்புக்கு ஓடுபவர் இதைச் செய்யவேண்டாம்.

பெட்டி எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில், கழற்றி விற்கும் கடைகளில். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் என்பதால், பிழையான பாகம் வாங்கினால் அலைச்சல் இரட்டிப்பாகும். ஷாப்டின் விளிம்புத் தட்டில் எத்தனை துளை, எவ்வளவு இடைவெளி என்று உங்கள் வண்டியில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கண்ணளவு ஏமாற்றும். உதாரணமாக, வில்லிஸ் ஜீப்பின் ஸ்பைசர் 18 ட்ரான்ஸ்பர் பெட்டி 1941 முதல் முப்பது வருடம் வெளியே பெரிதாக உருமாறவில்லை. உள்ளே இடைத்தண்டின் தடிப்பு முக்கால் அங்குலம், ஒன்றும் அரைக்காலும், பிறகு ஒன்றேகால் அங்குலம் என மூன்று விதமாக இருந்தது. ஒன்றின் பற்சில்லு மற்றதில் ஏறாது. ஆகவே முக்கால், ஒன்றும் அரைக்காலும், ஒன்றேகால் என்ற அளவுகளில் தன் வண்டிக்கு எது என்று அறியாமல் வில்லிஸ்காரர் கடைக்குப் போகக்கூடாது.

பற்சில்லைத் தனியாக வாங்கினால் சோடியாகவே வாங்கவேண்டும். ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த பற்கள் புதுச் சோடியோடு சேர்ந்தால் ஊளையிடும். ஓயில் வடிக்கும் ஆணியின் நுனியில் பிடித்திருக்கும் இரும்புத் துகளையும் பாருங்கள். பசை போன்ற தூள் இயல்பானது. செதில் செதிலாக வந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

மிச்சமுள்ள பாகங்களுக்கு வண்டியின் பெயரே தேவையில்லை. பெயரிங்கின் ஓரத்தில் 6205 என்று பொறித்திருந்தால், எந்த நாட்டில் எந்தக் கம்பனி செய்தாலும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீற்றர்தான். கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால், அதை ஐந்தால் பெருக்க உள்விட்டம் வரும். 6304 எடுத்தால் உள்விட்டம் 20, வெளி அளவுகள் இரண்டும் 6205-க்குச் சமம். ஓயில் சீலிலும் மூன்று அளவுகள் எழுதியிருக்கும். தண்ணிப் பம்புக்கும் உழவு இயந்திரத்துக்கும் பெயரிங் விற்கும் உள்ளூர்க் கடையிலேயே, ஜீப் என்ற சொல்லைச் சொல்லாமல், எண்ணைச் சொல்லி வாங்கலாம். காஸ்கெற்றைத் தாளில் வெட்டிக்கொள்ளலாம்.

எண்ணையும் அளவையும் பார்த்துப் பாகம் தேடும் இந்தப் பழக்கம் இங்கே கஷ்டத்தில் ஊறியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வடக்குக்கு வரத் தடை விழுந்தது. ஒஸ்ரின் ஏ40-யும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூடேறிய பிறகு ஆவியாகும். பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு என்பதால் அதைத் தாங்கின. கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்தார்கள். 2020 மார்ச்சில் நாடு வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய ஜீப்புகளை ஓடவைத்தது இதே அறிவுதான்.

பெட்டி ஏறிய பிறகு இரண்டு விடயம். மணலை விட்டுத் தாருக்கு ஏறியதும் நாலு சில்லு ஓட்டத்தைக் கழற்றிவிடுங்கள். வளைவில் முன்சில்லு போகும் தூரம் வேறு, பின்சில்லுக்கு வேறு. மணலில் வழுக்கிச் சரிக்கட்டும், தாரில் முறுகிப் பற்களை நெரிக்கும். களப்பு உப்புநீரில் இறங்கினால் அன்றே ஓயிலைப் பாருங்கள், பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

கழற்றிய பழைய பெட்டியை இரும்புக்கு நிறுத்துவிடாதீர்கள். துடைத்து, ஓயில் பூசி, சாக்கில் கட்டி வையுங்கள். அதன் உறையும் தண்டும் தேடி இன்னொரு 413-காரர் பஞ்சிகாவத்தைக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருப்பார்.