வெயில் தாக்கினால் செய்யவேண்டிய முதலுதவி

சித்திரை, வைகாசி மாதங்களில் கடலை பிடுங்குவோரும் களத்தில் உழைப்போரும் வெயிலினால் துன்புறுவதைச் சங்க அங்கத்தினர்கள் அறிவார்கள். தலைசுற்றல், தசைப்பிடிப்பு, சோர்வு இவை மட்டுமிருப்பின் நிழலில் படுக்கவைத்து, உப்பிட்ட நீர்மோரைச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். ஆனால் பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, ஒருவர் பிதற்றத் தொடங்கினால் அது பிராணாபாயமான வெயில் தாக்கு. சரீர உஷ்ணம் அப்பொழுது பெரும்பாலும் 104 டிகிரி பாரன்ஹீட்டை எட்டியிருக்கும். இத்தகையவரைக் குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். வியர்வை நின்றிருந்தால்தான் வெயில் தாக்கு என்பதும் தவறு. உழைக்கையில் விழுந்தவருக்கு வியர்வை பெருகிக்கொண்டேயிருக்கலாம்.

காலதாமதமே இதில் கொல்லுவது. 108-க்குத் தகவல் சொல்லிவிட்டு, வண்டி வருமட்டும் காத்திராமல் அவ்விடத்திலேயே உடலைக் குளிரச் செய்யவேண்டும். அரைமணிக்குள் உஷ்ணம் தணிந்தால் பெரும்பாலோர் பிழைப்பர். பம்புசெட்டுத் தொட்டி அருகிலிருப்பின் அதைவிடச் சிறந்த மருந்தில்லை. மேலாடையைக் களைந்து கழுத்தளவு நீரில் அமர்த்தி, தலை அமிழாதபடி இருவர் தாங்கிக்கொள்ளவேண்டும். தொட்டியில்லாவிடினும், நினைவு தப்பியிருப்பினும், ஒருக்களித்துக் கிடத்தி, உடல் முழுவதும் குடங்குடமாய் நீரூற்றி முறத்தால் ஓயாமல் விசிறவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் ஒரு துளியும் ஊற்றலாகாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. பிதற்றல் நின்றபின்பும் மருத்துவமனைக்கு அனுப்பியே தீரவேண்டும். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நேர்ந்த கேடு மறுநாளே வெளிப்படுவதுமுண்டு.