அறிவாளிப் பட்டம் குழந்தைக்குச் சுமை

நச்சரிப்பு எங்கிருந்து வருகிறது?

தோசையில் ஏன் இத்தனை ஓட்டை என்று நான்கு வயதுக் குழந்தை கேட்கிறது. மாவு புளிக்கும்போது உண்டான வாயு சூட்டில் விரிந்து வெளியேறுகிறது என்று சொன்னால், அந்த வாயுவை உண்டாக்கியது யார் என்று அடுத்த கேள்வி வரும். 'தொணதொணக்காமல் போய் விளையாடு' என்று விரட்டினாலோ, சற்று நேரத்தில் முதல் கேள்வியே திரும்பி வரும். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றும் ஏறத்தாழ இதையே கண்டது. காரணம் கிடைத்த குழந்தைகள் ஒப்புக்கொண்டு மேலே கேட்டார்கள். கிடைக்காதவர்கள் பழைய கேள்வியையே மறுபடி கேட்டார்கள், அல்லது தாங்களாகவே ஒரு விளக்கம் சொன்னார்கள். ஆக, நச்சரிப்பு என்று நாம் அலுத்துக்கொள்வதில் ஒரு பங்கு நம் மழுப்பலுக்கும் உண்டு. கேள்விக்குக் காது கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு: கேள்வியை விட்டுவிட்டு, கேட்ட குழந்தைக்கு 'ஜீனியஸ்' பட்டம் சூட்டி, வருகிற விருந்தினர் முன்னால் எல்லாம் அதை ஒப்பிக்க வைக்கிறார்கள்.

பட்டத்தின் விலை

கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சில புதிர்களை விடுவித்ததும், ஒரு பிரிவினரிடம் 'நீ கெட்டிக்காரன்' என்றும், இன்னொரு பிரிவினரிடம் 'நன்றாக முயன்றிருக்கிறாய்' என்றும் சொன்னார்கள். அதன் பிறகு கடினமான புதிர்கள் தரப்பட்டன, எல்லோருமே திணறினார்கள். மீண்டும் எளிய புதிர்களுக்கு வந்தபோது, 'கெட்டிக்காரன்' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். அவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னார்கள் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. பட்டத்தைக் காப்பாற்ற வேண்டியவனுக்குத் தெரியாததைக் கேட்பதே ஆபத்தாகிவிடுகிறது. ஆர்வம் அங்கேதான் அடிபடுகிறது.

பட்டமாவது சரியான தலையில் விழுகிறதா என்றால், அதுவும் உறுதியில்லை. 1921இல் கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் நுண்ணறிவுத் தேர்வு வைத்து மேதைக் குழந்தைகளைத் தேடியபோது, தேறாமல் போனவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் இருவரும் உண்டு. பின்னாளில் இருவருமே இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார்கள்.

பாராட்டவே கூடாதா? நேரம் எங்கே?

ஒரு சொல்லால் குழந்தையின் வாழ்க்கை தலைகீழாகுமா என்று கேட்பது நியாயம். 'முயன்றால் திறமை வளரும்' என்று மனப்பாங்கை மாற்றும் பயிற்சிகளால் படிப்பில் கிடைக்கும் பலன் சிறிதுதான் என்று பிந்தைய ஆய்வுத் தொகுப்புகளும் காட்டுகின்றன. ஆகவே பாராட்டை மந்திரமாக நம்ப வேண்டாம்; ஆளைப் புகழாமல் செய்ததைப் புகழ்ந்தால் போதும். வேலைக்குப் போய்த் திரும்பும் பெற்றோருக்கு நேரம் ஏது, பள்ளி பார்த்துக்கொள்ளாதா என்பது அடுத்த கேள்வி. பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் 1984இல் எழுதிய நூலில், நான்கு வயதுச் சிறுமிகள் வீட்டில் மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்டதாகவும், மழலையர் பள்ளியில் 2 மட்டுமே கேட்டதாகவும் பதிவு செய்தார்கள். தொழிலாளர் குடும்பங்களிலும் அந்தப் பேச்சு வளமாகவே இருந்தது. அடுப்படி வேலைக்கு நடுவே பேசுவதே போதும். பதில் தெரியாவிட்டால் 'எனக்கும் தெரியலையே, ராத்திரி பார்க்கலாம்' என்று சொல்லலாம். சொன்னபடி ராத்திரி பார்க்கவும் வேண்டும்.

எல்லை எங்கே?

கேள்வியை மதிப்பது வேறு, அதற்காகத் தூக்கத்தை விடுவது வேறு. 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை; விளக்கை அணைத்த பிறகு எழும் கேள்வி மறுநாளுக்குத்தான். அறிவு பத்து வயதுக்குரியதாக இருந்தாலும் மனம் ஆறு வயதிலேயே இருக்கலாம். மரணத்தைப் பற்றித் தெளிவாகப் பேசும் குழந்தை இரவில் தனியே படுக்கப் பயப்படுவது அதனால்தான். அப்போது வேண்டியது அணைப்பு, விளக்கம் பிறகு.

துறுதுறுப்பு எல்லாமே அறிவுத்திறன் என்று தள்ளிவிடவும் கூடாது. பிடித்த விஷயத்தில்கூட நிலைக்காத கவனம், வீட்டிலும் பள்ளியிலும் ஒரேபோலத் தொடரும் தடுமாற்றம் இருந்தால் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறிவுத்திறனும் கவனக்குறைபாடும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டாலும் காரணம் தேட வேண்டும். வகுப்பில் கேலி நடக்கிறதா என்று விசாரித்து, காது, கண் பரிசோதனையையும் தள்ளிப்போடாமல் செய்துவிடலாம்.