மண்ணை மூடாமல் உழவைக் குறைத்துப் பயனில்லை

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மானாவாரி மேட்டுநிலங்களில் மக்காச்சோளம் விதைக்கும் முன் ரோட்டவேட்டரை இரண்டு தடவை ஓட்டிச் செம்மண்ணை மாவுபோல் ஆக்கிவிடுகிறார்கள். களை ஒழிகிறது, விதைப்பும் சுலபம். வேலையாட்கள் சிப்காட் ஆலைகளுக்குப் போய்விட்ட ஊரில், ஒரே நாளில் நிலத்தைத் தயாராக்கும் கருவியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சிக்கல் முதல் கனமழையில் தொடங்குகிறது. இந்தச் செம்மண்ணில் மக்கு குறைவு. துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும் பசை அதில் இல்லை. மழைத்துளி விழுந்ததும் மண்கட்டி சிதறி, நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. வெயில் ஏறினால் மேலே பொருக்குத் தட்டிவிடும். முளை அதை முட்டித் திறக்கத் திணறுகிறது. அடுத்த மழை கீழே இறங்காமல் வரப்பைத் தாண்டி ஓடுகிறது.

அப்படியானால் உழாமலே விதைத்துவிடலாமே என்று தோன்றும். உழாததால் மட்டும் மண் தேறிவிடாது. 610 ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2015-இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, உழவைக் கைவிட்ட நிலங்களில் சராசரி விளைச்சல் 5.7 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. பயிர்க்கழிவால் மண்ணை மூடி, பயிர்ச்சுழற்சியும் செய்தபோது, வறண்ட மானாவாரிப் பகுதிகளில் விளைச்சல் 7.3 சதவீதம் கூடியது. மூடாக்கு மழையின் அடியைத் தாங்குகிறது, ஈரம் ஆவியாவதைத் தடுக்கிறது. மக்காச்சோளத்துக்கு அந்த ஈரம் மிகவும் தேவைப்படுவது பூக்கும் பருவத்தில். கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணிக்குப் போகிறது. வறட்சியில் இழைகள் வெளிவரத் தாமதமானால், அதற்குள் மகரந்தம் உதிர்ந்து முடிந்துவிடும், கதிர் பொக்கையாகும்.

ஆழ உழச் சொன்ன முன்னோர் தவறா? இல்லை. அடியில் இறுகிய மண்ணை உடைக்க மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டுவது நல்லதுதான். போகத்துக்குப் போகம் மேல்மண்ணைப் பொடியாக்குவதைத்தான் நிறுத்த வேண்டும். காய்ந்த கழிவு மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பார்கள்; மண்ணுக்குள் மடக்கி உழுதால் அது பெருமளவு உண்மை, மேலே பரப்பினால் அந்த இழுப்பு குறைவு. கனமான எதிர்ப்பு வேறு: மக்காச்சோளத் தட்டை மாட்டுக்கு வேண்டும். கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பத்திடம் அதைக் கேட்கக் கூடாது. அதற்குப் பதிலாகக் கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் அறுவடைக்குப் பின் கவாத்து செய்த தழையும், வரப்பில் வளரும் கிளைரிசிடியாவும் இருக்கின்றன. மாவிலை மெதுவாக மக்கி நெடுநாள் மண்ணை மூடும். கிளைரிசிடியா சில வாரங்களிலேயே மக்கித் தழைச்சத்தைத் தரும். ஏக்கருக்குச் சுமார் இரண்டு டன் தழை வேண்டும், பரப்ப ஆள் கூலியும் உண்டு. அதனால் முதல் ஆண்டில் தோப்பை ஒட்டிய அரை ஏக்கரை மட்டும் மூடிப் பார்ப்பதே கட்டுப்படியாகும்.