மாணவர் மேல் குற்றமா?

கலாசாலைகளில் சரித்திரமும் பொருளாதாரமும் அரசியலும் பயிலும் நமது வாலிபர்கள் பாடத்தை நெட்டுருப் போடுகிறார்களேயன்றி அதன் பொருளை உணர்வதில்லை என்று அடிக்கடி குற்றஞ் சாட்டப்படுகிறது. சாட்டுவோர் உடனே மாணவரின் புத்தியைப் பழிக்கின்றனர். சாட்சியத்தை விசாரியாது தீர்ப்புக் கூறுவது நியாயமன்று.

கள்ளக்குறிச்சி ஜில்லாவிலுள்ள ரிஷிவந்தியத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லையும் கரும்பையும் நம்பி வாழும் கிராமங்கள் அதைச் சூழ்ந்தவை. அங்கே பல குடும்பங்களில் கலாசாலை வாசலை முதன்முதலாக மிதிப்பவர் இன்றைய பிள்ளைகளே. வீட்டில் பாடத்தைப் பற்றி வினவுவாரில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலும் வயல் வேலையிலும் பொழுதில் ஒரு பங்கு கழிகிறது. 2022-ல் 'புதுமைப் பெண்', 2024-ல் 'தமிழ்ப் புதல்வன்' ஆகிய திட்டங்களால் மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்க அரசாங்கத்தார் முற்பட்டது நற்காரியமே. ஆயினும் பணம் கலாசாலை வாசல் வரையில் கொண்டுவிடும். பாடத்துக்குள் புகுவதற்கு வேறு துணை வேண்டும்.

முதலாவது, பாஷை. பன்னிரண்டு வகுப்புகள் தமிழில் கற்றவனிடம் ஆங்கிலப் புஸ்தகத்தைக் கொடுத்தால், கருத்தோடு போராடுமுன் அவன் சொல்லோடு போராட வேண்டியிருக்கிறது. பொருள் விளங்காதபோது நெட்டுருவன்றி வேறு கதி யாது? 1960-ல் கோயம்புத்தூர் அரசினர் கலைக் கல்லூரியில் பி.ஏ. பாடங்களைத் தமிழில் நடத்தத் தொடங்கினர். 1970-ல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஏற்பட்டது. கலாசாலைக்குரிய தமிழ் நூல்கள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. தமிழில் இயலாது என்போரின் வாதம் அன்றே தோற்றுவிட்டது. ஆனால் அந்நூல்களைக் காலத்துக்கேற்பப் புதுக்காவிடில், டிக்ரி பெற்றும் அதை நிறைவேற்றிக்கொள்ளாத வாதியின் கதியே நமக்கும்.

இரண்டாவது, பாடத்துக்கும் ஊருக்கும் உள்ள பிளவு. கூட்டுறவைப் பற்றி ஒரு பக்கம் விடை எழுதுகிறான் மாணவன். மூங்கில்துறைப்பட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பின் அடிப்படை விலையை டில்லியில் எவ்வாறு நிர்ணயிக்கிறார்கள் என்று ஆராயும்படி எந்த வினாத்தாள் அவனைத் தூண்டுகிறது? ஜமீன்தாரி ஒழிப்பைப் படிக்கிறான். மேற்கேயுள்ள கல்வராயன் மலையில் ஜாகீர் ஆதிக்கம் 1976-ல்தான் முடிவுற்றது என்பதை அவனுக்கு யார் சொல்கிறார்கள்? அம்மலை ஜனங்களின் நிலையைச் சென்னை ஹைகோர்ட்டார் 2024-ல் தாமாகவே விசாரணைக்கு எடுத்தனர். அவ்வாண்டிலேயே கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. சமூக சாஸ்திரத்துக்கு இவற்றினும் மேலான பாடம் எங்கே உளது?

ஆகையால், நூல்களைத் தமிழில் புதுக்குவது அரசாங்கத்தார் கடன். நினைவை மட்டுமன்றி ஆராய்ச்சியையும் சோதிக்கும் வினாக்களை இடுவது சர்வகலாசாலையார் கடன். மாணவரை ஆலைக்கும் பஞ்சாயத்துக்கும் நியாயஸ்தலத்துக்கும் அழைத்துச் செல்வது உபாத்தியாயர் கடன். கிராமத்துக்கொரு வாசகசாலையைக் கண்டு, அங்கே மாலைதோறும் பத்திரிகையை வைத்து வாதிக்கச் செய்வது தேசத் தொண்டராகிய நமது கடன்.

1989 முதல் 18 வயதிலேயே வாக்குரிமை வந்துவிடுகிறது. நெட்டுருப் போட்ட பாடம் பரீட்சையோடு மறந்துபோகும்; ஆராயாமல் இட்ட வாக்கோ ஐந்து வருஷம் நம்மை ஆளும்.