சூடானதும் சிக்னலில் ஆஃப் ஆகும் பழைய கார்: பார்ட்ஸ் மாற்றும் முன் பார்க்க வேண்டியது என்ன?

காலையில் மயிலாப்பூரில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். லஸ் கார்னர் தாண்டும் வரை எந்தக் குறையும் இருக்காது. பனகல் பார்க் சிக்னலில் நாலு நிமிஷம் நின்றதும் வண்டி லேசாக உதறும், பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடும். செல்ஃப் அடித்தால் சுற்றும், ஆனால் பிடிக்காது. பின்னால் ஹாரன் சத்தம். ஓரம்கட்டி, அரை மணி நேரம் கழித்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

பழைய மாருதி 800, பிரீமியர் பத்மினி, அம்பாசிடர், ஆரம்பகால எம்.பி.எஃப்.ஐ. கார்கள் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. இன்ஜின் சூடானால்தான் வரும், ஆறினால் போய்விடும். மெட்ரோ பணிகளால் மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர் பக்கம் வண்டிகள் முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும் காலத்தில், பழைய இன்ஜினுக்குக் காற்றும் கிடைப்பதில்லை.

மெக்கானிக் கண்ணில் ஏன் சிக்குவதில்லை?

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பல்வலி நின்றுபோகும் இல்லையா, அதே கதைதான். ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடும். எல்லாம் சரியாக ஓடும். அப்புறம் என்ன? சந்தேகத்தின் பேரில் பிளக் மாற்றுவார்கள், கார்பரேட்டர் கழுவுவார்கள், காயில் மாற்றுவார்கள். மூன்று பில் கட்டியும் அடுத்த வாரம் அதே சிக்னலில் வண்டி நிற்கும்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க வண்டி ஆஃப் ஆன அடுத்த ஐந்து நிமிஷம்தான் நேரம். அந்த நேரத்தில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: இன்ஜினுக்குப் பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா? இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் மாற்றும் எந்த பார்ட்ஸும் குருட்டாம்போக்குதான்.

அதற்கு முன் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துவிட வேண்டும். அது சிவப்புக் கோட்டில் இருந்தால் விஷயமே வேறு. ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பக்கம் போக வேண்டும். கொதிக்கும் நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. முள் நடுவில் இருந்தும் வண்டி நிற்கிறது என்றால் மேலே படிக்கலாம்.

எப்படி நின்றது?

ஆஃப் ஆன விதமே நிறையச் சொல்லும். ஓடிக்கொண்டிருந்த வண்டி சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். இருமி, குலுங்கி, பிக்கப் குறைந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தும் ஏறாமல் மெல்ல உயிர் போனால் பெட்ரோல் பக்கம். ஓட்டும்போது நன்றாக இருந்து சிக்னலில் கால் எடுத்ததும் மட்டும் நிற்கிறதென்றால் ஐடிலிங் கோளாறு. இது சட்டமில்லை, விதிவிலக்கு உண்டு. ஆனாலும் எங்கே தேட ஆரம்பிப்பது என்பதற்கு இதைவிட நல்ல துப்பு கிடையாது.

கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். சாவியை எடுத்துவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்பரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லிங்கை கையால் இழுக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் பிசிறி அடித்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது. வறண்டு கிடந்தால் வந்து சேரவில்லை. பார்க்கும்போது யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது, பக்கத்தில் சிகரெட் கூடாது. கார்பரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழைய வித்தையும் வேண்டவே வேண்டாம். அப்படி பேனட்டுக்குள் தீப்பிடித்த வண்டிகள் உண்டு.

பொறி வருகிறதா என்று பார்க்க, ஸ்பார்க் டெஸ்டர் என்ற சின்னக் கருவி ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைகளில் கிடைக்கிறது. ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பது ஆபத்து.

பொறி வரவில்லை என்றால்

முதல் சந்தேகம் இக்னிஷன் காயில். உள்ளே மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். வயதானால் அதில் விரிசலோ இன்சுலேஷன் கோளாறோ வரும். சூட்டில் கம்பி விரிவடையும்போது தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் நல்ல பிள்ளையாக நடிக்கிறது. சாவியை ஆஃப் செய்துவிட்டு, காயில் மேல் மட்டும் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிஷம் ஆறவிட்டுத் துடைத்து, பொறி திரும்புகிறதா என்று பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் சோதனை. மல்டிமீட்டர் இருந்தால் ஆறியபோதும் சூட்டிலும் ஓம் அளவு எடுத்து ஒப்பிடலாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய வண்டிகளின் காயில் இரண்டு வகை. ஒன்று சுமார் 3 ஓம், நேராக 12 வோல்ட் தாங்கும். இன்னொன்று சுமார் 1.5 ஓம், அதற்கு முன்னால் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருந்தாக வேண்டும். கடையில் வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கிறதென்று 1.5 ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால், இரட்டிப்பு கரன்ட் ஓடி அரை மணியில் கை வைக்க முடியாத சூடாகும். புதுக் காயில் போட்டும் நிற்கிறதே என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பாயின்ட் வைத்த வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் கன்டென்சரும் இதே மாதிரி சூட்டில் கைவிடும். இன்னொரு பழக்கமும் காயிலைக் கெடுக்கிறது. குடும்பம் பாண்டி பஜாரில் ஷாப்பிங் முடித்து வரும்வரை இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் ஆனில் விட்டுப் பாட்டு கேட்பது. பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் அவ்வளவு நேரமும் காயிலில் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும்.

பெட்ரோல் வரவில்லை என்றால்

அம்பாசிடர், பத்மினி காலத்தில் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிய வண்டிகளைப் பார்த்தவர்கள் இன்றும் இருப்பார்கள். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1961 முதல் இந்த ஊர் சாலைகளில் ஓடியது, அந்தத் தலைமுறை கார்கள் பலவற்றிலும் மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் சூடு நேராகப் பம்புக்குப் போகும்.

பெட்ரோல் ஒரே திரவம் அல்ல, பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை 35, 40 டிகிரியிலேயே ஆவியாக ஆரம்பிக்கும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31ஆம் தேதி 45 டிகிரி பதிவானது. வெளியிலேயே அப்படி என்றால் பேனட்டுக்குள் கேட்க வேண்டாம். குழாயில் ஆவி நிறைந்தால் பம்ப் ஆவியைத்தான் அமுக்கும், பெட்ரோல் நகராது. இதைத்தான் பேச்சு வழக்கில் ஏர் லாக் என்கிறார்கள், சரியான பெயர் வேப்பர் லாக்.

வண்டியை நிறுத்திய பிறகு சூடு குறையும் என்று நினைப்போம். உண்மையில் முதல் பதினைந்து நிமிஷம் பேனட்டுக்குள் சூடு ஏறும். ஃபேன் இல்லை, தண்ணீர் சுற்றவில்லை, இன்ஜின் சூடு அப்படியே மேலே எழும்பும். கார்பரேட்டரில் இருக்கும் பெட்ரோல் பொங்கி இன்ஜினுக்குள் வழிந்துவிடும். அப்போது ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் இன்னும் மோசமாகும். மெதுவாக முழுசா மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கணும். சோக் லீவர் பாதி இழுத்தபடியே மாட்டிக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறிதான், கூடவே கறுப்புப் புகை வரும்.

ஈரத்துணி தற்காலிகம். இன்ஜினில் உரசும் பெட்ரோல் குழாயைத் தள்ளி வைப்பது, பம்புக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த இன்சுலேட்டர் இருக்கிறதா என்று பார்ப்பது, பம்ப் டயாஃப்ரம் மாற்றுவது ஆகியவைதான் நிரந்தர வழி.

செலவே இல்லாத சோதனை ஒன்று: வண்டி நின்றதும் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறப்பது. காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இ20 பெட்ரோல் காரணமா?

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025இல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. நிற்கும் எல்லா வண்டிக்கும் இதைக் குறை சொல்வது சரியல்ல. காயில் கோளாறுக்கும் எத்தனாலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இரண்டு விஷயம் நிஜம். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை லீனாகும். புதிய வண்டியில் சென்சார் பார்த்து கம்ப்யூட்டர் சரிசெய்யும், கார்பரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. இரண்டாவது, எத்தனாலுக்குத் தோதில்லாத பழைய ரப்பர் குழாய்கள் ஊறி இளகும். ரப்பர் குழாயை விரலால் அமுக்கும்போது பிசுபிசுத்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். அது நிற்கும் பிரச்சினை மட்டுமல்ல, தீ அபாயமும்கூட.

எம்.பி.எஃப்.ஐ. வண்டி என்றால்

மாருதி 800இல் 2000ஆம் ஆண்டு வாக்கில் கார்பரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. இங்கே சூட்டில் நிற்பதற்கு முதல் குற்றவாளி, இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார். கிராங்க் சென்சார் என்பார்கள், சில வண்டிகளில் அந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார் செய்யும். அதற்குள்ளும் கம்பிச்சுருளோ எலக்ட்ரானிக்ஸோதான், சூட்டில் தொடர்பு விடும். சிக்னல் வராவிட்டால் கம்ப்யூட்டர் பொறி, பெட்ரோல் இரண்டையும் நிறுத்திவிடும்.

ஆர்.பி.எம். மீட்டர் இருந்தால் ஒரு துப்பு கிடைக்கும். செல்ஃப் அடிக்கும்போது முள் கொஞ்சமாவது எழ வேண்டும். இன்ஜின் சுற்றியும் முள் அசையவில்லை என்றால் சந்தேகம் சென்சார் மேல். அடுத்து, சாவியை ஆன் செய்ததும் பின் சீட் பக்கம் இரண்டு விநாடி பம்ப் முனகும் சத்தம் வரணும். வராவிட்டால் ரிலே, ஃபியூஸ், பம்ப். இந்த வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்தில் இருக்கும், குழாயைக் கழற்றிப் பார்க்கும் வேலை கூடாது. ஒயரைப் பிடுங்கிப் பொறி பார்ப்பதும் எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்கும்.

சிக்னலில் மட்டும் நிற்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் த்ராட்டில் பாடியும் ஐடில் வால்வும் கரி பிடித்திருக்கும். சுத்தம் செய்தாலே பாதி வண்டிகள் சரியாகும். எல்.பி.ஜி.யில் ஓடிய வண்டி என்றால் டேப்பட் இடைவெளியையும் பார்க்கச் சொல்ல வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வ் சீட் தேய்ந்து இடைவெளி இறுகினால், சூட்டில் வால்வு முழுசாக மூடாது, ஐடிலிங் நிற்காது. இதைப் பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

பார்ட்ஸ் எங்கே வாங்குவது?

அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் பழைய மாடல்களுக்கும் புதுசு கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய கார்களின் பாகங்கள் மலிவு. கதவுக் கைப்பிடி, லைட், பம்பர் அங்கே தாராளமாக வாங்கலாம். காயில், சென்சார், கன்டென்சர் மட்டும் பழசு வேண்டாம். கடையில் ஆறிய நிலையில் சோதித்தால் நல்லதாகத்தான் காட்டும், குறை சூட்டில்தானே தெரியும்?

நடுரோட்டில் நின்றால்

அடையாறு பாலம் போன்ற இடத்தில் ஓடும்போதே ஆஃப் ஆனால், பவர் பிரேக் உள்ள வண்டியில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் உதவி மிச்சமிருக்கும். பிரேக்கை விட்டுவிட்டு அமுக்காமல் ஒரே மிதியாகப் பிடிக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திரும்பும். சாவியை முழுசாகப் பின்னால் திருப்பி எடுத்துவிடக் கூடாது, ஸ்டீயரிங் லாக் விழும். ஹசார்டு லைட் போட்டு இடது ஓரம் ஒதுக்கியதும், பக்கத்தில் இருப்பவரை செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லலாம்: டேஷ்போர்டு விளக்குகள், டெம்பரேச்சர் முள், செல்ஃப் அடிக்கும் சத்தம். ஓட ஆரம்பித்து எத்தனை நிமிஷத்தில் நின்றது, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆனது என்பதையும் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் காட்டலாம்.