நேரம் பார்த்துப் பேசாத ஒரு பெண்

வேலைத்தலத்தில் ஒன்பது மணி இடைவேளை. என்னோடு ஒரே மேசையில் பொதி கட்டும் சுவிஸ் பெண்மணி, "உங்கள் நாட்டில் பெண்களுக்கு எப்போது வாக்குரிமை கிடைத்தது?" என்று கேட்டார். 1931 என்றேன். அவர் சிரித்தார். டொச் மொழியில் முப்பத்தொன்றை 'ஒன்றும் முப்பதும்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும் அல்லவா? நான் வழக்கம்போல மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். பெட்டி மட்டையில் பேனையால் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "என் அம்மா 1971 வரை வாக்குப் போட்டதே இல்லை" என்றார்.

நாற்பது வருட வித்தியாசம். இதை எம்மவரில் எத்தனை பேர் அறிவோம்? வெள்ளைக்காரப் பெண்கள் பிறக்கும்போதே சுதந்திரத்தோடு பிறந்தவர்கள், எங்கள் பண்பாடு வேறு, இவர்களைப் பார்த்து எங்கள் பெண்கள் கெட்டுப்போகக் கூடாது என்று ஒன்றுகூடல்களில் பேசுகிறோம். ஆனால் இலங்கையில் டொனமூர் அரசியலமைப்பின்படி 1931 இல் இருபத்தொரு வயதான ஆண், பெண் எல்லோருக்கும் பொதுவாக வாக்குரிமை வந்துவிட்டது. (அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணத்தில் நாங்கள் பகிஷ்கரித்தோம் என்பது வேறு கதை. மலையக மக்களுக்கு அந்த உரிமை அரைகுறையாகக் கிடைத்து, சுதந்திரம் வந்த கையோடு பறிக்கப்பட்டது என்பது இன்னொரு கதை.) உரிமை கேட்டு டொனமூர் ஆணைக்குழுவின் முன் போன பெண்களுக்குத் தலைமை தாங்கிய அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டார்களாம். ஆம், அவர்களும் பெண்கள்தானே என்று அவர் பதில் சொன்னதாகக் கூறுவார்கள்.

நாங்கள் வந்து சேர்ந்திருக்கும் இந்த நாட்டில் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கிய என் சக தொழிலாளிதான் ஈரிஸ் ஃபொன் றோட்டன் என்ற பெயரையும் முதலில் சொன்னவர்.

ஈரிஸ் 1917 இல் பாசலில் பிறந்தவர். சட்டம் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1943 முதல் 1945 வரை 'சுவைற்சர் ஃப்றவுவன்பிளாற்' என்ற பெண்கள் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். 1946 இல், கூடப் படித்த பீற்றர் ஃபொன் றோட்டனை மணந்தார். பீற்றர் வாலிஸ் மாநிலத்தில் ஒரு பழைய கத்தோலிக்கப் பெரிய குடும்பத்துப் பிள்ளை, பழமைவாதக் கட்சிக்காரர். ஈரிஸோ புரட்டஸ்தாந்துக்காரி, வாயாடி, வீட்டு வேலை செய்ய மாட்டேன் என்று முன்கூட்டியே சொன்னவர். மாப்பிள்ளை வீட்டாருக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் ஊர்க் கதை கேட்பதுபோல இல்லையா?

ஆனால் பீற்றர் மனைவியின் பக்கமே நின்றார். பாராளுமன்ற உறுப்பினராக இருந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை தரவேண்டும் என்று அங்கே பிரேரித்தவர் அவர். பிறகு 1957 இல், தன் பிரதேசத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்தபோது இன்னொரு காரியமும் செய்தார். பெண்களையும் குடிசார் பாதுகாப்புச் சேவைக்குக் கட்டாயமாக எடுப்பதா என்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு. பெண்களைப் பற்றிய கேள்விக்கு வாக்குப் போடப் போவது ஆண்கள் மட்டும்! வாலிஸ் மலையிலே உன்ரர்பேக் என்ற சின்னக் கிராமம் இதற்குச் சம்மதிக்கவில்லை. 1957 மார்ச்சில் அந்தக் கிராமசபை பீற்றரின் ஆதரவோடு பெண்களையும் வாக்குப் போட அழைத்தது. கிராமத் தலைவரின் மனைவி கத்தரீனா சென்ஹொய்சர்ன் முதலில் போய்ப் போட்டார். மொத்தம் 33 பெண்கள் துணிந்து போனார்கள். அவர்களுடைய சீட்டுகளுக்குத் தனிப் பெட்டி வைத்தார்கள். மேலிடம் அவற்றை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

இனி ஈரிஸின் புத்தகத்துக்கு வருகிறேன். பல வருடங்கள் உழைத்து அவர் எழுதிய 'ஃப்றவுவன் இம் லௌஃப்கிற்றர்' 1958 இல் வெளிவந்தது. லௌஃப்கிற்றர் என்றால் என்னவென்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். தவழுகிற பிள்ளையை நாங்கள் சமைக்கும்போது விட்டுவைக்கும் கம்பி அடைப்பு. உள்ளே மெத்தை இருக்கும், விளையாட்டுப் பொருள் இருக்கும், பிள்ளை பத்திரமாக இருக்கும். வெளியே வர மட்டும் முடியாது. சுவிஸ் பெண்களை அதற்குள் இருப்பவர்களாக ஈரிஸ் பார்த்தார்.

அந்தக் காலத்துப் பெண்கள் சங்கங்கள் பணிவாக வாக்குரிமை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. ஈரிஸ் அதோடு நிற்கவில்லை. ஒரே வேலைக்கு ஏன் குறைந்த சம்பளம், நல்ல பதவிகள் ஏன் ஆண்களுக்கே, தாய்மையைப் புகழ்கிறவர்கள் தாய்க்கு ஏன் ஒன்றும் கொடுப்பதில்லை, வீட்டு வேலை ஏன் பிறப்பிலேயே பெண்ணின் தலையில் எழுதப்பட்டது என்றெல்லாம் கேட்டார். காதலையும் உடலுறவையும் பற்றிக்கூட மறைக்காமல் எழுதினார். அமெரிக்காவில் பெற்றி ஃபிரீடன் தன் பிரபலமான நூலை வெளியிட்டது 1963 இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே இவர் இங்கே எழுதிவிட்டார்.

வந்தது பூகம்பம். பத்திரிகைகள் அவரைக் கசப்புப் பிடித்தவள், ஆண்களை வெறுப்பவள் என்று எழுதின. அது எதிர்பார்த்ததுதான். எனக்கு நெஞ்சில் தைத்தது இன்னொன்று. சுவிஸ் பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்பே அவரிடமிருந்து விலகிக்கொண்டது. ஏனென்றால் 1959 பெப்ரவரி முதலாம் திகதி வாக்குரிமை பற்றிய வாக்கெடுப்பு வரவிருந்தது. வாக்குப் போடப் போவது ஆண்கள். அவர்களைக் கோபப்படுத்தலாமா? இப்போது இதைப் பேசும் நேரமா? முதலில் வாக்குரிமை வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பதே அவர்களுடைய எண்ணம்.

இந்த வசனம் எனக்குப் பழக்கமானது. போராட்டம் முடியட்டும், பிறகு சீதனத்தைப் பற்றிக் கதைப்போம் என்றார்கள். இங்கு வந்தபின் விசா கிடைக்கட்டும், கடன் முடியட்டும், பிள்ளைகள் வளரட்டும் என்கிறார்கள். அடி வாங்கிய பெண்ணிடம், வெளியில் தெரிந்தால் வெள்ளைக்காரன் எங்கள் சமூகத்தைப் பற்றி என்ன நினைப்பான் என்று கேட்பதும் பெண்கள்தான். அந்தச் சங்கத்துப் பெண்களை நான் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். பயந்தார்கள். எங்களைப் போல.

பயந்து ஒதுங்கியதால் பயன் கிடைத்ததா? வாக்கெடுப்பில் ஏறக்குறைய 6,55,000 ஆண்கள் வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்றவர்கள் 3,24,000 பேரளவில்தான். மூன்றில் இரண்டு பங்கு எதிர்ப்பு. பிரெஞ்சு பேசும் வோ, நொய்ஷாற்றல், ஜெனீவா ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் ஆம். தோல்விக்கு ஈரிஸின் புத்தகமும் காரணம் என்று சிலர் பழியைப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து பாசல் பெண்கள் உயர்தரப் பாடசாலையின் ஆசிரியைகள் படிப்பிக்க மறுத்து ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே மாதம் பாசல் ஃபஸ்நாக்ட் ஊர்வலத்தில் ஈரிஸைக் கேலிப்பொருளாக்கி ஊரே சிரித்தது. ஃபஸ்நாக்ட் என்றால் முகமூடியும் மேளமும் கடதாசித் துண்டு எறிவதும் என்றுதான் பாசலில் இருக்கும் எம்மவர் பார்த்திருப்பார்கள். அதே தெருவில் ஒரு பெண்ணை அவள் எழுதியதற்காகச் சிரித்து அடித்திருக்கிறார்கள்.

அதன்பின் ஈரிஸ் பெண்கள் விடயத்திலிருந்து ஒதுங்கினார். தனியாகக் காரோட்டித் துருக்கிக்குப் போய்ப் பயண நூல் எழுதினார். பிற்காலத்தில் பூக்களை வரைந்தார். 

எனக்கு ஈரிஸோடு ஒரு மனத்தாங்கலும் உண்டு. வீட்டு வேலையைச் சம்பளத்துக்குச் செய்யும் தொழிலாக்கினால் படித்த பெண் விடுதலையாவாள் என்ற போக்கு அவரிடம் தெரிகிறது. சரி, அந்தச் சம்பளத்துக்கு வந்து துடைப்பது யார்? அன்றைக்கு இத்தாலியப் பெண்கள். இன்றைக்கு நாங்கள். ஹோட்டல் அறையையும் முதியோர் இல்லத்தையும் துடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து திரும்பவும் சட்டி கழுவுகிறோம். கம்பி அடைப்புக்கு வெளியே கூட்டித் துடைக்க நிற்கிறவளைப் பற்றி அவர் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

1971 பெப்ரவரி 7 இல் சுவிஸ் ஆண்கள் ஒருவாறு ஆம் என்றார்கள். அதற்குப் பிறகும் கணவனே குடும்பத் தலைவன் என்ற திருமணச் சட்டம் 1987 முடியும்வரை இருந்தது. 1984 இல் திருமணம் செய்த என் சக தொழிலாளி, புருஷன் வேண்டாம் என்றால் வேலைக்குப் போக முடியாது என்று சட்டத்தில் இருந்ததைச் சொல்லிச் சிரிக்கிறார். பிள்ளை பெற்ற தாய்க்குச் சம்பளத்தோடு 14 வார விடுப்பு நாடு முழுவதற்குமான சட்டமாக வந்தது 2005 இல். ஈரிஸின் புத்தகம் அப்போது 47 வயதாகியிருந்தது. மனைவியை அடிப்பது, அவள் முறைப்பாடு செய்யாவிட்டாலும் அரசே வழக்குத் தொடரவேண்டிய குற்றமானது 2004 இல்தான். புதிதாக வந்த சகோதரிகள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருங்கள்.

அப்பன்செல் இன்னர்றோடன் மாநில ஆண்கள் கடைசிவரை பிடிவாதமாக நின்றார்கள். அங்கே திறந்தவெளியில் கூடிக் கையுயர்த்தி வாக்களிப்பது வழக்கம். ஆண்கள் இடுப்பில் வாள் கட்டி வந்தால் அதுவே வாக்காளர் அட்டை! 1990 நவம்பர் 27 இல் லொசானிலுள்ள சமஷ்டி நீதிமன்றம் தலையிட்டுத்தான் அந்த மாநிலப் பெண்களுக்கு உரிமை கிடைத்தது. ஈரிஸ் அதைப் பார்க்கவில்லை. அதற்கு இரண்டரை மாதம் முன்பு, செப்ரெம்பர் 11 அன்று, தன் 73 ஆவது வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மறுவருடம் அவருடைய புத்தகம் மறுபதிப்பாக வந்தது. அதே 1991 ஜூன் 14 இல் நாடு முழுவதும் சுமார் ஐந்து லட்சம் பெண்கள் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டார்கள். என் சக தொழிலாளியும் அன்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போனவர்களில் ஒருவராம்.

புத்தகத்தை அவர்தான் நூலகத்தில் எடுத்துத் தந்தார். 560 பக்கத்துக்கு மேல். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவில் ஒன்றரைப் பக்கம் போனால் பெரிய காரியம். வீட்டு வேலை பற்றிய பகுதியிலிருந்துதான் தொடங்கினேன். திங்கட்கிழமைகளில் மேசைக்கு வந்ததும் அவர் கேட்பது, "எத்தனையாம் பக்கம்?"